சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு ரத்தம் ஏற்றுதல்: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் எனப் பல பகுதிகளிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள், வார்டில் இந்தியிலும் மராத்தியிலும் சொன்னது பாதி புரிந்தும் பாதி புரியாமலும், ரத்தக் கோரிக்கைப் படிவத்தைக் கையில் பிடித்தபடி ரத்த வங்கியின் சன்னலில் வந்து நிற்பார்கள். அந்தச் சன்னலின் உட்பக்கம் டெக்னீஷியனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த நான், அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன். எப்போது, எவ்வளவு ஏற்றுவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

சிக்கிள் செல் என்பது சரியாக என்ன கோளாறு? தமிழர்களுக்கும் இது வருமா?

சிவப்பணுவுக்குள் உயிர்வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், பீட்டா எனும் புரதச் சங்கிலியின் 6-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் இருக்கிறது. கோளாறு இவ்வளவுதான். உயிர்வாயு குறைந்த இடத்தில் இத்தகைய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட கம்பிகளாகிவிடுவதால், உருண்டு நெளிந்து ஓட வேண்டிய சிவப்பணு கதிர் அரிவாளைப் போல வளைந்து விறைத்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளிலேயே உடைந்துபோவதால் சோகையும் சேர்ந்துகொள்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய நோய் அல்ல. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானதே 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். மகாராஷ்டிரத்தில் விதர்பாவின் கட்சிரோலி, சந்திரபூர் மாவட்டங்களிலும் வடக்கே நந்துர்பாரிலும் இது அதிகம். மும்பையில் பல ஊர் மக்கள் கலந்து மணம் முடிப்பதால், தாய் வழியில் சிக்கிள் மரபணுவும் தந்தை வழியில் பீட்டா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் கோளாற்றின் மரபணுவும் சேர்ந்து பிள்ளைக்கு வருவதும் உண்டு. அதுவும் சிக்கிள் செல் நோயின் ஒரு வகையே. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் சிக்கிள் மரபணுவைப் பெற்ற 'டிரெய்ட்' காரர்கள் பொதுவாக நலமாகவே இருப்பார்கள். அதற்காக அவர்களுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை.

என் மகளுக்கு ஹீமோகுளோபின் 8 தான் இருக்கிறது. ஏன் ரத்தம் ஏற்ற மறுக்கிறார்கள்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்களின் குரலில் பெரும்பாலும் கோபமும் இருக்கும். ஆனால் சிக்கிள் செல் உள்ள பலருக்கு 7, 8 என்பதே அன்றாட அளவு. உடல் அதற்குப் பழகியிருக்கிறது. பழகிய அளவில் நின்று, மூச்சுத் திணறல் முதலிய தொல்லைகள் இல்லாதபோது, எண் குறைவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ரத்தம் ஏற்றுவதில்லை. சிக்கல் எதுவும் சேராத எலும்பு வலி, மூட்டு வலிக்கும் ஏற்றுவதில்லை. வலி மருந்து, நீர்ச்சத்து, கதகதப்பு ஆகியவையே அதற்கான சிகிச்சை. ஏற்றும் ரத்தம் அந்த வலியை நிறுத்தாது.

அளவுக்கு மேல் ஏற்றினால் தீங்கும் உண்டு. வளைந்த அணுக்கள் நிறைந்த ரத்தம் முன்பே கெட்டியாக ஓடுகிறது. அதில் மேலும் அணுக்களைச் சேர்த்து ஹீமோகுளோபினை 10 அல்லது 11-க்கு மேல் தூக்கினால், ஓட்டம் இன்னும் மந்தமாகி, எந்த அடைப்பைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே வரக்கூடும்.

முருங்கைக்கீரையையும் பேரீச்சம்பழத்தையும் உணவாகத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இது பொதுவாக இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை அல்ல என்பதால், மருந்துக் கடையில் தாமாக வாங்கும் இரும்பு டானிக் வேண்டாம். பரிசோதனையில் இரும்பு உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டும் மருத்துவர் அதை எழுதித் தருவார்.

அப்படியானால் எப்போது ஏற்றுவார்கள்?

உடனடித் தேவைகளில் முக்கியமானவை சில. பக்கவாதம் வந்தால், அல்லது வந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால் ஏற்றுவார்கள். காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறலுடன் நுரையீரலில் புதிய நிழல் தெரியும் 'அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம்' மோசமாகும்போதும், பார்வோ வைரஸ் பி19 என்ற கிருமி எலும்பு மஜ்ஜையின் அணு உற்பத்தியைச் சில நாள் நிறுத்திவிடும்போதும், சில பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு முன்னும் ஏற்றுவது உண்டு.

சிறு குழந்தைகளிடம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மண்ணீரல் திடீரென வீங்கி உடலின் ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்வது. சில மணி நேரத்தில் குழந்தை வெளுத்துத் துவண்டுவிடும். இடது விலா எலும்புக்குக் கீழே தொட்டுப் பார்க்கத் தாய்மாருக்கு மருத்துவர்கள் கற்றுக்கொடுப்பது இதற்காகத்தான். அந்த நேரத்தில் ரத்தத்தைச் சிறு சிறு அளவாகவே கொடுப்பார்கள். மண்ணீரல் பிடித்து வைத்த ரத்தம் பின்னர் தானே வெளியே வந்து சேரும்போது, மொத்த அளவு எல்லை மீறிவிடக் கூடாது என்பதே காரணம். "இவ்வளவு சின்னப் பையா?" என்று கேட்டுச் சண்டை பிடித்த ஒரு தாத்தாவுக்கு இதை விளக்கிச் சொன்ன பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

'எக்ஸ்சேஞ்ச்' என்கிறார்களே, அது சாதாரணமாக ஏற்றுவதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சாதாரண முறையில் கொடையாளரின் சிவப்பணு உடலுக்குள் போகும். எதுவும் வெளியே எடுக்கப்படுவதில்லை. பெரியவர்களுக்கு ஒரு பை ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 கிராம் உயரும். எக்ஸ்சேஞ்ச் முறையில், நோயாளியின் ரத்தத்தை ஒரு பக்கம் எடுத்துக்கொண்டே மறுபக்கம் கொடையாளரின் அணுக்களைக் கொடுப்பார்கள். கையால் ஊசிக்குழல் வைத்தும் செய்யலாம். ரத்தத்தின் கூறுகளைப் பிரித்தெடுக்கும் அஃபெரிசிஸ் இயந்திரத்தில் சுமார் இரண்டு மணி நேரத்திலும் முடிக்கலாம். ரத்தத்தைக் கெட்டியாக்காமல் சிக்கிள் ஹீமோகுளோபினின் பங்கை வேகமாகக் குறைப்பதும், உடலில் இரும்பு அதிகம் சேராமல் தடுப்பதும் இதன் நன்மைகள். ஒரே வேளையில் பல பைகள் தேவைப்படும் என்பதும், நல்ல தடிமனான ரத்தக் குழாய் கிடைக்க வேண்டும் என்பதும் இதிலுள்ள சிரமங்கள்.

மூளை ஸ்கேன் பார்த்துவிட்டு, மாதம் ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். பையன் நன்றாகத்தானே ஓடி விளையாடுகிறான்?

அது பெரும்பாலும் டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் என்ற அல்ட்ராசவுண்ட் பரிசோதனையாக இருக்கும். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களில் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அது அளக்கிறது. குழாய் குறுகினால் வேகம் கூடும். தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வேகம் விநாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டிய குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றிச் சிக்கிள் ஹீமோகுளோபினை 30 விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால், முதல் பக்கவாதம் வரும் வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது என்று அமெரிக்காவில் நடந்து 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை வரச் சொல்வது அந்த 30-ஐ மீறாமல் இருப்பதற்காகத்தான்.

"இத்தனை மாதம் ஏற்றியாயிற்று, போதாதா?" என்பதையும் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். நிறுத்திய குழந்தைகள் பலருக்கு வேகம் பழைய அபாய அளவுக்கே திரும்பியது. சிலருக்குப் பக்கவாதமும் வந்தது. எனவே நீங்களாக நிறுத்த வேண்டாம். குறைந்தது ஓராண்டு ரத்தம் ஏற்றிய பிறகு, மூளைக் குழாய்களில் கடுமையான சேதம் இல்லாத குழந்தைகளைக் கவனமாக, அணுக்கள் வளைவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைக்கு மாற்றலாம் என்று 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டியிருக்கிறது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது.

எங்களுக்கும் 'பி பாசிட்டிவ்', பையிலும் 'பி பாசிட்டிவ்'. பிறகு ஏன் இத்தனை மணி நேரம் காக்க வைக்கிறீர்கள்?

சிவப்பணுவின் மேற்பரப்பில் 300-க்கும் மேற்பட்ட அடையாளங்கள் இருக்கின்றன. 'பி பாசிட்டிவ்' என்பது அவற்றில் மிக முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்கிறது. உங்களிடம் இல்லாத ஓர் அடையாளம் கொடையாளரின் அணுவில் இருந்தால், உங்கள் உடல் அதை அந்நியமாகக் கண்டு ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளை உண்டாக்கலாம். அடுத்த முறை அதே அடையாளமுள்ள அணு வந்தால் அதை அழித்துவிடும். வாழ்நாளில் பல முறை ரத்தம் பெறும் சிக்கிள் செல் நோயாளிகளுக்கு இந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே ஆர்எச் வகையின் சி, ஈ முதலிய அடையாளங்களையும் கெல் என்ற அடையாளத்தையும் சேர்த்துப் பொருத்தித் தருவது நல்ல முறை. அது எல்லா இடங்களிலும் வழக்கத்தில் இல்லை என்பதால், கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

ஆய்வகத்தில் நடப்பது இதுதான். உங்கள் ரத்த மாதிரியைச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் இளமஞ்சள் நீரைப் பிரித்தெடுத்து, கொடையாளரின் அணுக்களோடு சேர்த்து, 37 டிகிரி வெப்பத்தில் வைத்து, மீண்டும் சுழற்றிப் பார்ப்போம். இதற்கான பரிசோதனை அட்டையில் (கார்டு) உள்ள சிறு குழலின் அடியில் அணுக்கள் சிவப்புப் பொட்டாக இறங்கிவிட்டால் பொருந்துகிறது. மேலே கோடாக நின்றுவிட்டால் ஏதோ எதிர்ப்பு இருக்கிறது என்று பொருள். அப்போது எந்த எதிர்ப்பொருள் என்று கண்டுபிடித்து, அந்த அடையாளம் இல்லாத பையைத் தேட வேண்டும். இதற்கு ஒரு நாள்கூட ஆகலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியவர் என்றால் மாதிரி மூன்று நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதனால்தான் மறுபடியும் ஊசி குத்துகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எதிர்ப்பொருள் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் உடல் அதை மறக்காது. நாக்பூரில் 'ஆன்டி-ஈ' (ஈ அடையாளத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்) இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஓர் இளைஞர் வேலைக்காக மும்பைக்கு வருகிறார், பழைய தாள் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. ஈ அடையாளமுள்ள பை பொருந்துவதாகவே காட்டும். ஏற்றிய சில நாளில் உடல் பழைய நினைவில் எழுந்து அந்த அணுக்களை உடைக்கத் தொடங்கும். டெக்னீஷியன் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அந்தத் தாளுக்கு ஈடாக மாட்டார்.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய தேதி, மருத்துவமனை, பை எண், எத்தனை பை, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ஹீமோகுளோபின், கண்டறியப்பட்ட ஆன்டிபாடி, வந்த ஒவ்வாமை ஆகியவற்றை அதில் எழுதுங்கள். முதல் பை ஏற்றுவதற்கு முன்பே பிள்ளையின் விரிவான ரத்த அடையாளங்களைப் பரிசோதித்து முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டால் மிகவும் நல்லது. ஏற்றிய பிறகு கொடையாளரின் அணுக்கள் கலந்திருப்பதால், மூன்று மாதம் வரை அந்தப் பரிசோதனை குழப்பும். சிக்கலான வகைகளுக்கு இந்த நகரத்தில் ஒரு வசதி உண்டு: பரேலில் கேஇஎம் மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனம். 1957-இல் ரத்த வகை ஆய்வு மையமாகத் தொடங்கியது அது.

'பாம்பே குரூப்' என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது 1952-இல் டாக்டர் பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் இந்த நகரத்தில் கண்டுபிடித்த அரிய ரத்த வகை, நோய் அல்ல. நீலகிரியில் சிக்கிள் செல் பதிவானதும் அதே ஆண்டு என்பது தற்செயல்.

அண்ணனோ அப்பாவோ ரத்தம் கொடுக்கலாமா?

நேரடியாக நோயாளிக்கே கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. முதலாவதாக, குடும்பத்தில் பலருக்கு டிரெய்ட் இருக்கும். சிக்கிள் செல் உள்ளவருக்குச் சிக்கிள் இல்லாத ரத்தமே தேவை. இரண்டாவதாக, நெருங்கிய உறவினரின் வெள்ளையணுக்கள் நோயாளியின் உடலில் தங்கி அதையே தாக்கும் அரிய ஆபத்து இருப்பதால், அத்தகைய பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே தர வேண்டும். மூன்றாவதாக, பின்னாளில் அதே அண்ணன் எலும்பு மஜ்ஜை கொடுக்க வேண்டி வரலாம். அவருடைய ரத்தத்தை இப்போதே அறிமுகப்படுத்தினால் பின்னர் மஜ்ஜை ஏற்கப்படாமல் போகும் வாய்ப்பு கூடும். குடும்பத்தார் கொடுக்க விரும்பினால் பொதுக் கையிருப்புக்குக் கொடுக்கட்டும்.

ஏற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பையைத் தொங்கவிடும் முன் செவிலியர் பெயர், பதிவு எண், ரத்த வகை, பை எண், காலாவதித் தேதி ஆகியவற்றைப் படிவத்தோடு ஒப்பிடுவார். அப்போது நோயாளியின் பெயரை நீங்கள் சொல்லுங்கள். அவர் சொல்லி நீங்கள் தலையாட்ட வேண்டாம். ஒரே வார்டில் இரண்டு முருகன்கள் படுத்திருக்கும் நகரம் இது. முதல் 15 நிமிடம் சொட்டு மெதுவாகவே விழும். குளிர் நடுக்கம், காய்ச்சல், அரிப்பு, இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் என எது வந்தாலும் உடனே குரல் கொடுங்கள். குளிர்ந்த பையை வெந்நீர் வாளியில் போட்டுச் சூடாக்கக் கூடாது, அணுக்கள் உடைந்துவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பை நான்கு மணி நேரத்துக்குள் ஏறி முடிய வேண்டும். அதே குழாயில் வேறு மருந்து போகக் கூடாது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துச் சிறுநீர் கறுத்துப் போகிறது. வெயில் காரணமா?

வெயில் என்று விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன மறைந்திருந்த எதிர்ப்பொருள் வேலை செய்வது இப்படித்தான். பொதுவாக ஏற்றிய 3 முதல் 21 நாளுக்குள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், காய்ச்சலும் முதுகு வலியும் வரும். பலர் இதை வழக்கமான சிக்கிள் வலி என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். சில நேரம் கொடையாளரின் அணுக்களோடு நோயாளியின் சொந்த அணுக்களும் உடைந்து, ஹீமோகுளோபின் ஏற்றுவதற்கு முன் இருந்ததைவிடக் கீழே போய்விடும். அந்த நிலையில் அவசரமாக இன்னொரு பை ஏற்றுவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாக முடியலாம். மருத்துவமனைக்குப் போனதும் முதல் வாக்கியமாக, "இத்தனை நாளுக்கு முன் ரத்தம் ஏற்றினோம்" என்று சொல்லுங்கள், நோட்டைக் காட்டுங்கள்.

இரும்பு சேர்ந்துவிடும் என்கிறார்களே?

ஒரு பையில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் தானாக வெளியேற்றுவதோ நாளுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். ஒரு பையின் இரும்பு வெளியேற மாதக்கணக்காகும். அதற்குள் அடுத்த பை வந்துவிடும். மிச்சம் முதன்மையாகக் கல்லீரலில் தங்கும். நாளடைவில் இதயத்தையும் சுரப்பிகளையும் பாதிக்கலாம். பத்து, இருபது பை கடந்தவர்களுக்கு, உடலில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். 1000-க்கு மேல் தொடர்ந்து நின்றால் இரும்பை வெளியேற்றும் மருந்து தொடங்குவது வழக்கம். காய்ச்சலோ கடும் வலியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால், நலமாக இருக்கும் நாளில் எடுப்பதே சரி. டெஃபெராசிராக்ஸ் மாத்திரை பலருக்கும் வசதியானது. ஆனால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தவறாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

எய்ட்ஸ், மஞ்சள் காமாலை தொற்றுமா?

ஒவ்வொரு பையும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஆபத்து மிகக் குறைவு, பூச்சியம் அல்ல. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள்.

பணம் கட்ட வேண்டுமா?

ரத்தத்துக்கு விலை கிடையாது. பரிசோதனைக்கும் பராமரிப்புக்குமான கட்டணமே வாங்கப்படுகிறது. தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் உள்ளவர்களிடம் அதையும் வாங்கக் கூடாது என்பது தேசிய ரத்தமேற்றல் மன்றத்தின் நெறிமுறை. நோயை உறுதி செய்யும் எச்பிஎல்சி அறிக்கையின் நகலைக் கையோடு வைத்திருங்கள். சன்னலில் முதலில் கேட்பது அதைத்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் சிக்கிள் செல் நோய் சேர்க்கப்பட்டிருக்கிறது.

மே மாதம் பிள்ளைகளோடு திருநெல்வேலிக்குப் போகிறோம். ரத்தத்துக்கு என்ன செய்வது?

மே மாதத்தில் மும்பையில் கல்லூரிகள் மூடியிருக்கும், முகாம்கள் குறையும், கொடையாளர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். அதனால் கையிருப்பு வற்றும். ஆகவே ஏப்ரலிலேயே மருத்துவரிடம் சொல்லி, புறப்படுவதற்குச் சில நாள் முன்பாக ஒரு முறை ஏற்றிக்கொள்ளும்படி தேதியை அமைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய மறுநாளே வண்டி ஏறாதீர்கள். நான்கு வாரத்துக்கு மேல் தங்குவதானால், அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முன்கூட்டியே தகவல் சொல்லி வையுங்கள். பிள்ளையின் அடையாளங்களுக்குப் பொருந்தும் பையைத் தேட அவர்களுக்கும் நாள் வேண்டும். எந்த ரத்த வங்கியில் எந்த வகை இருக்கிறது என்பதை இ-ரக்த்கோஷ் தளத்தில் பார்க்கலாம். வண்டியில் தண்ணீர் அடிக்கடி கொடுங்கள்; ஏசி பெட்டி என்றால் போர்வை ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் கைப்பையில் வைத்து, எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.